கட்டியைச் சுற்றி நின்றவர்கள்

என் ஈரலை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். கடுகில் பாதிகூட இருக்காது, அவ்வளவு சிறிய துண்டு. அதைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, ஊதாவும் சிவப்புமாகச் சாயம் ஏற்றி வைத்திருந்தார்கள். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்ததும் ஒரு ஊரே தெரிந்தது. அந்த ஊரைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்க வராது. ஆனாலும் இதை உள்ளேயே வைத்துக்கொள்ள முடியவில்லை. இப்போது நினைத்தாலும் நெஞ்சு படபடக்கிறது. அதில் பயம் கால் பங்குதான்.

என் பெயர் ஏழுமலை. திருவண்ணாமலையில் ஒரு மல்லாட்டை மண்டியில் சரக்குப் பார்க்கிறவன். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். மூட்டை வந்து இறங்கியதும் குத்தூசியைச் செருகி இழுப்பேன். அதன் குழிவில் பத்துப் பருப்பு வரும். முகர்ந்து, கடித்துப் பார்த்து, நல்ல சரக்கா, ஈரம் ஜாஸ்தியா, பூஞ்சை பிடித்ததா என்று விரலாலேயே முதலாளிக்குக் காட்டிவிடுவேன். பேசத் தேவையில்லாத வேலை. அதனால்தான் இத்தனை வருஷம் அதில் நிலைத்தேன்.

வருஷத்தில் ஒரு நாள் எனக்கு வேறு வேலை உண்டு. கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் பெரிய தேர் மாட வீதி சுற்றும். அதன் சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவர்களில் நான் ஒருவன். தேர் ஓடுவதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். வடம் பிடித்து இழுக்கிறவர்களுக்கு முதுகுக்குப் பின்னால் தேர் எப்படி வருகிறது என்று தெரியாது. மேலே நிற்கிறவர்களுக்குச் சக்கரம் தெரியாது. தேருக்கு பிரேக் கிடையாது, ஸ்டியரிங் கிடையாது. சக்கரத்தோடு கூடவே குனிந்து நடந்து, ஆப்பு போலச் சீவிய கனமான மரக்கட்டையை அதன் முன்னால் தள்ளுகிறோமே, நாங்கள்தான் இரண்டும். நேராகப் போட்டால் தேர் நிற்கும். சாய்த்துப் போட்டால் திரும்பும்.

எங்கள் ஆட்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கட்டை எடுத்தவன் வடத்தைத் தொடக்கூடாது. இழுக்கிற ருசி கைக்குப் பட்டுவிட்டால் நிறுத்துகிற புத்தி போய்விடும் என்பார்கள். நான் இருபத்திரண்டு தேருக்குக் கட்டை போட்டிருந்தேன். வடத்தை ஒரு முறைகூடத் தொட்டதில்லை.

எண்பதுகளின் நடுவில் ஒரு வருஷம், ஆடி மாதத்திலிருந்து நெஞ்சுக்குழிக்குக் கீழே ஒரு கனம். சாப்பிட உட்கார்ந்தால் இரண்டு வாயில் வயிறு நிரம்பிவிடும். யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவி கன்னியம்மாவுக்கு அது தெரிந்தது என் இடுப்பைப் பார்த்து.

"இன்னாங்க இது, அரணாக்கயிறு இடுப்புல நிக்க மாட்டேங்குது? போன மாசந்தான் முடிச்சுப் போட்டேன்" என்றாள்.

"கயிறு நைஞ்சிருக்கும்" என்றேன்.

"கயிறா நைஞ்சிருக்கு? கண்ணாடியில போய்ப் பாருங்க."

ஊரில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருந்த டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் படுக்கவைத்து அழுத்திப் பார்த்தார். விரல் ஒரு இடத்தில் நின்றது. திரும்பவும் அதே இடத்துக்கு வந்தது. "முன்னாடி மஞ்சக் காமாலை வந்திருக்கா?" என்று கேட்டார். பதினெட்டு வயதில் வந்தது, கீழாநெல்லி அரைத்துக் குடித்தேன், கையில் சூடும் போட்டார்கள் என்று கன்னியம்மாதான் சொன்னாள். அவள் அப்போது எனக்கு மனைவிகூட இல்லை. அவர் ஒரு கடிதம் எழுதி, வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். நாளைக்கே போங்க என்றார். அந்த ‘நாளைக்கே’ வீடு வரைக்கும் என் கூடவே நடந்து வந்தது.

வேலூரில் முதல் நாலு நாள் பெஞ்சில் போயிற்று. பெயரைக் கூப்பிட்டால் நான் எழுந்திருக்க மாட்டேன். இத்தனை பேர் திரும்பிப் பார்ப்பார்களே என்று கூச்சம். "ஏழுமலை! ஏழுமலை!" என்று நர்ஸ் இரண்டு முறை கூப்பிடுவார். பிறகு கன்னியம்மா என் கையைப் பிடித்துத் தூக்கி, "இதோ இருக்காருங்க, வாய் மட்டுந்தான் வீட்ல வெச்சிட்டு வந்துட்டாரு" என்பாள். மூன்றாம் நாள் அந்த நர்ஸ் என் பெயரைக் கூப்பிடுவதை விட்டுவிட்டு, "கன்னியம்மா வீட்டுக்காரர்" என்று கூப்பிட ஆரம்பித்தார். உடனே எழுந்து போனேன்.

ஒரு ரத்தப் பரிசோதனையைப் பற்றிச் சொல்ல வேண்டும். குழந்தை தாய் வயிற்றில் இருக்கும்போது அதன் ஈரல் ஒரு பொருளைச் சுரக்குமாம். பிறந்த பிறகு அது நின்றுபோகுமாம். வளர்ந்த ஆளின் ரத்தத்தில் அது அதிகமாக இருந்தால், ஈரலில் ஏதோ ஒரு மூலையில் சில செல்கள் திரும்பக் குழந்தையாகி, அடக்கமில்லாமல் வளர்கின்றன என்று சந்தேகப்படலாமாம். செல் என்பது உடம்பைக் கட்டியிருக்கிற செங்கல் போன்றது. ஆனால் உயிருள்ள செங்கல். எனக்கு அந்தப் பொருள் ஜாஸ்தியாக இருந்தது. பிறகு ஸ்கேன். வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவி, ஒரு கட்டையை வைத்துத் தேய்த்தார்கள். நம் காதுக்குக் கேட்காத சத்தத்தை உள்ளே அனுப்பி, அது மோதித் திரும்புவதைப் படமாக்குகிறார்கள். மலையடிவாரத்தில் கூவினால் திரும்பி வருகிற மாதிரி. ஈரலின் இடது பக்கத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒன்று தெரிந்தது.

அதிலிருந்து கொஞ்சம் சதை எடுக்க வேண்டும் என்று அறுவை டாக்டர் சொன்னார். பெரிய டாக்டர் என்று எல்லோரும் அவரைச் சொல்வார்கள். தட்டில் இருந்த நீள ஊசியைப் பார்த்தேன். நடுவில் குழிவு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊசியைப் பார்த்து அழுகிறவர்களைத்தான் அவர் பார்த்திருப்பார்.

"ஏன் சிரிக்கிறீங்க?"

"குத்தூசிங்க" என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

ஒரு வாரம் கழித்து முடிவைச் சொன்னார்கள். புற்று. அந்தச் சொல்லைக் கேட்டதும் கன்னியம்மா என் சட்டைக் கையைப் பிடித்தாள். சாயந்திரம் வரை விடவில்லை. கட்டி இடது ஓரத்தில் இருப்பதால் அந்தப் பகுதியை அப்படியே வெட்டி எடுக்கலாம், மிச்ச ஈரல் தாங்கும் என்று பெரிய டாக்டர் சொன்னார். வெட்டினால் எல்லாம் சரியாகிவிடுமா என்று அவளே கேட்டாள். அது கட்டி எவ்வளவு தூரம் வெளியே வந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது, திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றார். சம்மதக் கையெழுத்துக்கு இரண்டு நாள் கொடுத்தார்.

அன்று மாலை கன்னியம்மாவின் தம்பி காசி ஊரிலிருந்து வந்தான். எனக்கு மச்சான். தேரில் எனக்கு எதிர்ச் சக்கரத்தில் கட்டை போடுகிறவன். வாய் பெரிசு, மனசும் பெரிசு.

"கத்தி வெச்சா கலஞ்சிரும் மாமா. குளவிக்கூட்டைக் கலைச்ச மாதிரி உடம்பு பூரா பரவிடும். நம்ம தெருவுல ஒருத்தருக்கு அறுத்தாங்களே, இன்னா ஆச்சு? வீட்டுக்கு வா. தீபம் முடியட்டும். தேரை நிலைக்குக் கொண்டாந்து நிறுத்திட்டு அப்புறம் பேசிக்கலாம்."

"நீ எந்தக் காலேஜ்ல டாக்டருக்குப் படிச்ச?" என்றாள் அக்கா.

"படிக்கலதான். நீ படிச்சியா? என் மாமா உசிரு, நான் பேசுவேன்."

அவன் கண் கலங்கியதை மறைக்கத்தான் சத்தமாகப் பேசினான். எனக்கும் அவன் சொன்னதே சரியென்று பட்டது. திருவிழாவுக்கு ஐந்து வாரம்தான் இருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தேரையும் விட்டதில்லை. கட்டி எலுமிச்சம்பழமாகவே இருக்கட்டும், தொடாதே என்று ஒரு மனசு சொன்னது. ஆபரேஷன் வேண்டாம் என்று நாளைக்குச் சொல்லிவிட்டுக் கிளம்புவதாக முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் காலை ஒரு பெண் டாக்டர் என் கட்டிலருகே வந்து நின்றார். மூக்குக் கண்ணாடி, விரல் நகமெல்லாம் ஊதாக் கறை. என்னைப் பார்க்காமல் கட்டில் காலைப் பார்த்துப் பேசினார். என்னைப் போலவே கூச்சக்காரர் என்று உடனே புரிந்தது.

"என் பேர் சுகந்தி. நான் நோயாளிங்களைப் பார்க்கிற டாக்டர் இல்ல. உங்க சதையைப் பார்த்த டாக்டர். ரெண்டு கேள்வி கேட்கலாமா?"

மஞ்சள் காமாலையைப் பற்றிக் கேட்டார். அந்தக் கிருமி சிலருக்குப் போகாமல் ஈரலிலேயே தங்கிவிடும் என்றார். பிறகு என்ன வேலை என்றார். சொன்னேன். நோட்டில் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

"பூஞ்சை பிடிச்ச கடலையையும் கடிச்சுப் பார்ப்பீங்களா?"

"கடிச்சாத்தானேங்க தெரியும். துப்பிடுவேன்."

"எல்லாத்தையுமா?"

சில நேரம் விழுங்கிவிடுவதை நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தப் பூஞ்சை ஈரலுக்கு விஷம் என்று மெதுவாகச் சொன்னார். திட்டவில்லை. கிளம்பத் திரும்பினார். எனக்குள் ஒரு வாரமாக உறுத்திக்கொண்டிருந்த கேள்வி அப்போது எப்படியோ வெளியே வந்தது.

"டாக்டரம்மா, ஒரே குத்துல மூட்டை தெரியாதுங்களே. மேல நல்ல சரக்கு இருக்கும், அடியில சொத்தை இருக்கும். நாலு பக்கம் குத்தணும். நீங்க ஒரே குத்துதானே குத்துனீங்க?"

அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"இதை உங்களுக்கு யார் சொன்னாங்க?"

"மண்டிங்க."

"நடக்க முடியுமா உங்களால? வாங்க, உங்க மூட்டையில என்ன வந்துச்சுன்னு காட்டுறேன்."

இப்படித்தான் நான் அந்த அறைக்குப் போனேன். கூடவே கன்னியம்மா. ஒரே புளிச்ச மருந்து வாடை. அலமாரி நிறையக் கண்ணாடித் தகடுகள். என்னுடையதை வைத்து, திருகைச் சரிசெய்து, "பாருங்க" என்றார்.

ஒரு பக்கம் நல்ல ஈரல். செல்கள் வரிசை வரிசையாக, நடுவில் சந்து விட்டு, கடைத்தெரு மாதிரி ஒழுங்காக நின்றன. இன்னொரு பக்கம் கட்டி. அங்கே தெரு இல்லை, சந்து இல்லை. ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு ஒரே நெரிசல். இரண்டுக்கும் நடுவில் இளஞ்சிவப்பாக ஒரு நார்ப் பட்டை ஓடியது. அதன் மேல் மெலிந்து நீண்ட செல்கள், ஓடம் ஓடமாகப் படுத்திருந்தன.

"எல்லாரும் கட்டியைத்தான் பார்ப்பாங்க" என்றார் சுகந்தி. அவர் குரல் மாறியிருந்தது. கூச்சம் போன இடம் தெரியவில்லை. "நான் இந்த மெலிஞ்ச ஆளுங்களைப் பார்க்கிறேன். கட்டி தனியா வளரல. சுத்தி இருக்கிறவங்களோட சேர்ந்துதான் வளருது. ஈரல் நல்லா இருக்கறப்போ இவங்க சும்மா குண்டு குண்டா, கொஞ்சம் கொழுப்பைச் சேர்த்து வெச்சுக்கிட்டு, பெரிய செல்லுங்களுக்குப் பக்கத்துல ஒத்தாசையா இருப்பாங்க. ஈரலுக்கு அடிபட்டா அந்தக் கொழுப்பை விட்டுட்டு இப்படி மெலிஞ்சு, நார் நூற்க ஆரம்பிச்சிடுவாங்க. காயத்தைக் கட்டத்தான். உங்க கட்டியைச் சுத்தியும் நார் நூத்து, வேலி போட்டிருக்காங்க. இந்த ஊசி போன இடத்துல வேலி நல்லா இருக்கு. மத்த இடம் தெரியாது. நீங்க சொன்னதுதான், ஒரே குத்து."

நான் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அந்த மெலிந்த ஆட்கள் எல்லோரும் ஒரே பக்கமாகக் குனிந்து நிற்பது போல இருந்தது. எனக்கு அவர்களைத் தெரியும்.

"டாக்டரம்மா, இவங்க கட்டை போடுறவங்க!"

"என்ன கட்டை?"

நான் பேசினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மேசை மேல் இருந்த ஒரு வட்ட டப்பாவைத் தேராக்கி, ரப்பர் துண்டைக் கட்டையாக்கி, நேராகப் போட்டால் எப்படி நிற்கும், சாய்த்துப் போட்டால் எப்படித் திரும்பும் என்று ஓட்டியே காட்டினேன். தேர் தானாக எங்கும் போகாது, சுற்றி நிற்கிறவன்தான் அதை நடத்துகிறான் என்றேன். கன்னியம்மா வாயில் கைவைத்துக்கொண்டு நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து நான் அவளிடமே அத்தனை பேசியதில்லை.

டாக்டர் ரப்பரைத் தானே வாங்கி இரண்டு முறை போட்டுப் பார்த்தார். பிறகு சட்டென்று கேட்டார்: "அப்போ வடம் பிடிக்கிறவங்க யாரு?"

"அதை நீங்கதாங்க சொல்லணும்."

தகட்டை அரை நூல் அளவுக்கு நகர்த்தினார். "இப்போ பாருங்க."

இது கட்டியின் உள்பக்கம். அங்கேயும் மெலிந்த ஓடங்கள் இருந்தன. ஆனால் குறுக்கே படுக்காமல், நெடுக வரிசைபோட்டு நின்றன. அவர்கள் நூற்ற நாரைப் பிடித்துக்கொண்டு கட்டியின் செல்கள் நகர்ந்து போகிற மாதிரி இருந்தது.

"இவங்க யாருங்க?"

"அதே ஆளுங்கதான்" என்றார்.

மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தேன்.

"ஏழுமலை, நான் இப்போ சொல்றது புஸ்தகத்துல நிச்சயமா எழுதியிருக்கிற விஷயம் இல்ல. எனக்குத் தோணுது, அவ்வளவுதான். வேலி போட வந்தவங்களையே கட்டி மெல்ல மெல்லத் தன் பக்கம் இழுத்துக்குது. அப்புறம் அவங்களே அதுக்குத் தீனி குடுக்கிறாங்க, வழி போட்டுக் குடுக்கிறாங்க. உங்க தேர்ல கட்டைக்காரங்க வேற, வடம் பிடிக்கிறவங்க வேற. இங்க ரெண்டும் ஒரே ஆளு. இன்னைக்குக் கட்டை போடுறவன் நாளைக்கு வடம் பிடிப்பான். எப்போ மாறுவான்னுதான் தெரியல."

வார்டுக்குத் திரும்பும்போது நான் நடந்தேனா ஓடினேனா தெரியாது. காசி பையைக் கட்டிக்கொண்டு, ஊருக்குக் கிளம்பத் தயாராக உட்கார்ந்திருந்தான்.

"காசி, கட்டை எந்த நேரத்துல வழுக்கும்னு முன்னாடியே உனக்குத் தெரியுமா?"

"அது எப்படித் தெரியும்? வழுக்கினப்புறந்தான் தெரியும்."

"அப்போ கட்டை நிக்கிறப்பவே தேரை மடக்கணுமா, இல்ல வழுக்கட்டும்னு பாத்துக்கிட்டு இருக்கணுமா?"

முழுதும் சொன்னேன். வேலி, வேலிக்காரர்கள், அவர்கள் கட்சி மாறுவது. காசி எதிர்த்துப் பேசவில்லை. அவனுக்குத் தெரிந்த பாஷையில் நான் பேசிவிட்டேன். பையை அவிழ்த்து, லுங்கியை எடுத்து மறுபடி கொடியில் போட்டான். அன்றைக்கே கையெழுத்துப் போட்டேன். ஏழுமலை என்று நாலு எழுத்து எழுத அவ்வளவு நேரம் ஆகுமென்று எனக்குத் தெரியாது.

ஆபரேஷனுக்கு ரத்தம் வேண்டும், சொந்தக்காரர்கள் தெரிந்தவர்கள் வந்து கொடுக்கலாம் என்றார்கள். காசி ஊருக்குப் போய்விட்டு வந்தான். அடுத்த நாள் விடியும்போது கட்டை போடுகிற எங்கள் ஆட்கள் ஐந்து பேர் ஆஸ்பத்திரி வாசலில் நின்றார்கள். குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, ஈர வேட்டியோடு. முதல் நாள் மத்தியானத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தேருக்கு விரதம் இருப்பது போல ரத்தம் கொடுக்கவும் விரதம் இருக்க வேண்டும் என்று அவர்களாகவே முடிவு செய்திருந்தார்கள்.

முதல் ஆள் ரத்தம் கொடுத்துவிட்டு எழுந்தான், அப்படியே சரிந்தான். நர்ஸ் ஓடி வந்தார்.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"விரதங்க."

"நேத்து ராத்திரி?"

"அதுவும் விரதங்க."

"உங்களை யாருய்யா விரதம் இருக்கச் சொன்னது? இது என்ன கோயிலா? போங்க எல்லாரும், நாஸ்டா சாப்பிட்டுட்டு வாங்க!"

அந்த ஆளைக் காசி தோளில் தூக்கிக்கொண்டு டீக்கடைக்குப் போனான். "வருஷா வருஷம் மலை மாதிரி தேரை நிறுத்துறான், ஒரு ஊசி இவனைச் சாய்ச்சிருச்சு பாரு" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனானாம். ஐந்து பேரும் ஆளுக்கு எட்டு இட்லி சாப்பிட்டார்கள், மிச்ச நாலு பேர் வந்து வரிசையில் நின்றார்கள். இதைக் கன்னியம்மா சொல்ல நான் கட்டிலில் படுத்தபடி சிரித்தேன். சிரித்து முடித்ததும் அழுகை வந்தது.

ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் தெரியாது. முகத்தில் ரப்பர் மூடியை வைத்து எண்ணச் சொன்னார்கள். ஏழு வரை எண்ணினேன். கண் விழித்தபோது வயிற்றில் யாரோ நெருப்பு மூட்டி வைத்த மாதிரி இருந்தது. மூக்கில் ஒரு குழாய், பக்கவாட்டில் ஒரு குழாய். இருமல் வந்தால் இரண்டு கையாலும் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இரும வேண்டும். அதையும் ஒரு நர்ஸ் சொல்லிக்கொடுத்தார். மூன்று நாள் உதடு நனைக்க மட்டும் தண்ணீர். நாலாம் நாள் கன்னியம்மா கஞ்சித் தண்ணீரை ஸ்பூனால் கொடுத்தாள். அதுபோல ருசியான ஒன்றை நான் சாப்பிட்டதில்லை. பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி, யார் என்றே தெரியாத அம்மா, என் வேட்டியையும் சேர்த்துத் துவைத்துப் போட்டுவிட்டுப் போவார்.

பயம் அந்த நாட்களில்தான் முழுசாக வந்தது. வெட்டியாயிற்று. வெட்டின கத்திக்கு வெளியே கட்டியின் ஆள் ஒருத்தன் தப்பியிருந்தால்? வேலி ஏதாவது ஒரு இடத்தில் ஏற்கனவே திறந்திருந்தால்? வெட்டி எடுத்ததைச் சுகந்தி டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தெரியும். அவர் வரவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், எட்டு நாள். கதவு திறக்கிற சத்தமெல்லாம் அவர் சத்தமாகவே கேட்டது.

ஒன்பதாம் நாள் வந்தார். கண்ணெல்லாம் சிவந்து, தலை கலைந்து, ஏறக்குறைய ஓடி வந்தார்.

"மன்னிச்சுக்கோங்க, நேரமாயிடுச்சு. நாலு பக்கம் குத்தணும்னு சொன்னீங்களே. நான் சுத்தி இருபது இடத்துல வெட்டிப் பார்த்தேன். அதான்."

"என்ன வந்துச்சுங்க?"

"பத்தொன்பது இடத்துல வேலி கெட்டியா நிக்குது."

கன்னியம்மா என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"ஒரே ஒரு இடத்துல அவங்க மாற ஆரம்பிச்சிட்டாங்க. நார் மெலிஞ்சு, கட்டியோட செல்லு ரெண்டு வரிசை வெளியே எட்டிப் பார்த்திருக்கு. ஆனா பெரிய டாக்டர் அதுக்கும் ஒரு விரக்கடை வெளியே வெட்டியிருக்கார். வெட்டின ஓரம் சுத்தமா இருக்கு. மிச்ச ஈரலை அடிக்கடி பார்த்துக்கிட்டே இருக்கணும். இனிமே வரவே வராதுன்னு நான் சொல்ல மாட்டேன். இன்னைக்கு இல்ல. இன்னைக்கு இல்லன்னு மட்டும் சொல்றேன்."

"தீபம் முடிஞ்சு வந்திருந்தா?" என்று காசி கேட்டான்.

அவர் தலையை ஆட்டினார். தெரியாது என்று அர்த்தம். காசி வெளியே போய், தண்ணீர்க் குழாயடியில் ரொம்ப நேரம் முகம் கழுவினான்.

தேருக்கு ஐந்து நாள் முன்னால் ஊருக்கு வந்துவிட்டேன். ஆறு மாதம் கனம் தூக்கக்கூடாது என்று உத்தரவு. என் இடத்தில் கட்டை போட அந்த மயங்கி விழுந்த ஆளையே நிறுத்தினோம். நான் கன்னியம்மாவோடு தேரடி வீதியில் ஓரமாக நின்றேன். இருபத்திரண்டு வருஷத்தில் அன்றுதான் தேரை முழுசாகப் பார்த்தேன். அதுவரை எனக்குத் தெரிந்தது ஒரு சக்கரமும் அதன் அடியில் நசுங்குகிற மண்ணும்தான். இவ்வளவு உயரமா, இவ்வளவு அழகா என்று வாய் பிளந்து நின்றேன்.

வடம் எங்களைத் தாண்டிப் போயிற்று. ஜனம் மொத்தமும் அதன் மேல் சாய்ந்தது. கன்னியம்மா ஒரு கையால் அதைத் தொட்டு, "சும்மா தொட்டுக் கும்பிட்டுக்கோங்க. இந்த வருஷம் நீங்க கட்டை எடுக்கலையே, தப்பில்ல. இழுக்காதீங்க" என்றாள்.

தொட்டேன். தொடத்தான் போனேன். முன்னால் இருக்கிறவன் இழுக்கிறான், பின்னால் இருக்கிறவன் இழுக்கிறான், பக்கத்தில் யாரோ ஒரு அம்மா கண்ணை மூடிக்கொண்டு இழுக்கிறாள். அண்ணாமலைக்கு அரோகரா என்று சத்தம் காதை அடைக்கிறது. என் விரல்கள் எப்போது மூடின என்று எனக்குத் தெரியாது. நான் இழுத்துக்கொண்டிருந்தேன். தையல் சுரீர் என்றது. கன்னியம்மா கத்துகிறாள், எனக்குக் கேட்கவில்லை. தேர் நிற்கவே கூடாது, போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்று ஒரு வெறி. அந்தச் சக்கரத்தடியில் என் மச்சான் குனிந்திருக்கிறான் என்ற நினைப்பே எனக்கு இல்லை. பத்து அடிகூட இருக்காது, அவள் என் கையைப் பிரித்து இழுத்துவிட்டாள்.

மூன்று மாதம் கழித்துப் பரிசோதனைக்குப் போனபோது ரத்தம் சுத்தம், ஸ்கேன் சுத்தம். நேராகச் சுகந்தி டாக்டரின் அறைக்குப் போனேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பத்துப் பேரைத் தாண்டிக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே போனேன்.

"டாக்டரம்மா, அவங்க எப்படி மாறுறாங்கன்னு எனக்குத் தெரிஞ்சிடுச்சு. யாரும் வந்து கூப்பிடுறதில்லங்க. சுத்தி எல்லாக் கையும் இழுக்குது, நம்ம கையும் இழுக்குது. நமக்கே தெரியாது."

அவர் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். நான் சொன்னதை ஒருவர் எழுதி வைத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு மூன்று தேர் ஓடிவிட்டது. இதுவரை என் ஈரலில் புதிதாக ஒன்றும் இல்லை. மண்டியில் இப்போதும் சரக்குப் பார்க்கிறேன். கடிப்பதில்லை, முகர்ந்து, உடைத்துப் பார்ப்பதோடு சரி. போன மாதம் பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் அந்தப் பழைய நோட்டைப் புரட்டிவிட்டுக் கேட்டார்.

"ஏழுமலை, அப்புறம் நீங்க வடந்தானா?"

"இல்லீங்க. மறு வருஷமே கட்டைக்கு வந்துட்டேன்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்தே விட்டார். "திரும்பி வந்துட்டீங்களா? வடம் பிடிச்சவர் திரும்பக் கட்டைக்கு வந்தீங்களா? அப்போ அந்த மெலிஞ்ச ஆளுங்களும் திரும்பலாமோ! எப்படி? என்ன நடந்துச்சு, ஒண்ணு விடாம சொல்லுங்க!"

பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. வடம் இழுத்தவன் கட்டை எடுக்கலாமா என்று அந்த வருஷமும் ஓரமாகத்தான் நின்றேன். தேர் மூலை திரும்புகிற நேரம். காசி குனிந்தபடியே தலையைத் தூக்கி, கூட்டத்தில் என்னைப் பார்த்தான்.

"இன்னா மாமா வேடிக்கை? இந்தா, பிடி" என்று கட்டையை என் கையில் கொடுத்தான். குனிந்தேன்.